சம்பந்தியோடு மூன்று உச்சிகள்

சம்பந்தியின் காரில் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே எப்போதும் ஒரு நீலநிறத் தக்காளிக் கிரேட் இருக்கும். மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் அதே பிளாஸ்டிக் பெட்டிதான். அன்று விடிந்தும் விடியாமலும் அவர் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, களி கிண்ட ஒரு பாத்திரம், கேழ்வரகு மாவு, இரண்டு கம்பளி, வழியில் தட்டுப்படும் சாமிகளுக்கென்று ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு ரோஜா எல்லாம் இருந்தன. ரோஜா அவர் தோட்டத்துப் பூ. ஐந்து நாள் பயணத்துக்கு என் பங்காக நான் கொண்டுபோனது ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாத்திரை டப்பா. நோட்டில் போகும் இடம், புறப்படும் நேரம், சேரும் நேரம் என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன் நான். கட்டம் போடாமல் எனக்குக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலைகூட வாங்க வராது என்பது என் மனைவியின் கருத்து.

சம்பந்தி என்றால் என் ஒரே மகளின் மாமனார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் அவருக்கு நிலம். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், மாலூரிலும் ஆனேக்கல்லிலும் கட்டிக்கொடுத்த தங்கைகளிடம் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இத்தனை வருஷத்தில் கன்னடத்தில் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் 'ஊட்டா ஆய்த்தா'வைத் தாண்டாத எனக்கு அது பெரிய ஆச்சரியம். பிள்ளைகளுக்குக் கல்யாணமான முதல் வருஷத்தில், ஆனேக்கல் தங்கை வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய மைத்துனர் "எங்க முள்ளய்யனகிரிக்கு முன்னாடி உங்க ஊட்டி மலையெல்லாம் எந்த மூலைக்கு?" என்று கேட்டுவிட்டாராம். இவருக்குப் பதில் தெரியவில்லை. இலையை மூடிவிட்டு நேரே எனக்குப் போன் போட்டார். நான் செல்போனில் பார்த்து, கர்நாடகத்து உச்சியான முள்ளய்யனகிரியைவிடத் தமிழ்நாட்டு உச்சியான தொட்டபெட்டாதான் உயரம், கேரளத்து உச்சியான ஆனைமுடி இரண்டையும்விட உயரம் என்று சொன்னேன்.

"போன்ல இருக்கறத எவன் நம்புவான் சம்பந்தி? மூணுத்துலயும் நின்னு பாத்துட்டு வந்து அவன்கிட்ட சொல்லணுங்க. நீங்களும் வாங்க. சாட்சி வேணுமில்ல" என்றார்.

இந்த வாரம் அடுத்த வாரம் என்று அது நான்கு வருஷம் தள்ளிப்போனது. அவருக்குத் தோட்டம், எனக்கு வேலை. பிறகு நான் ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்ற சில மாதங்களில் என் மகள் இரண்டு சூட்கேஸோடு வந்து எங்கள் வீட்டில் இருந்துவிட்டாள். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். "அங்கே போகல" என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது. மாப்பிள்ளைக்குப் போன் செய்தால் "அவளையே கேளுங்க மாமா" என்றார். அவளைக் கொண்டுவந்து விட்டவர் சம்பந்திதான். அதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். சூட்கேஸை இறக்கி வைத்தவர் படி ஏறவில்லை. "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்று என் மனைவி கூப்பிட்டதற்கு, காரைப் பார்த்துக்கொண்டே "இன்னொரு நாளைக்கு வரங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெண்ணைப் பெற்றவன் வீட்டு வாசலில் சாமானை இறக்குவதுபோல் இறக்கிவிட்டுப் போனாரே என்று இரண்டு மாதம் எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. அந்த நிலையில்தான் அவர் போன் செய்து, "மலைக்குப் போலாங்களா சம்பந்தி?" என்றார்.

எனக்குப் போக மனமில்லை. என் மனைவிதான் பிடித்துத் தள்ளினாள். "அவரா கூப்பிடுறாருன்னா மனசுல ஏதோ இருக்கு. அஞ்சு நாள் கூடவே இருக்கப் போறீக. பக்குவமாப் பேசி, நாங்களே வந்து மருமகளக் கூட்டிட்டுப் போறோம்னு அவரு வாயால சொல்ல வச்சிட்டு வாங்க. மலையப் பாத்துட்டு மரம் மாதிரி திரும்பி வந்துராதீக." நானும் அதையேதான் விரும்பினேன். மகள் மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் போகப்போகச் சரியாகும். அன்று எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் ஏறி மூணாறு போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்து அவர் களி கிண்டினார். சுற்றுலாப் பேருந்தில் போனவர்கள் ஜன்னல் வழியே எங்களைப் படம் பிடித்தார்கள். கையை நனைத்து நனைத்து உருண்டை பிடித்து, முதல் உருண்டையை எனக்கு வைத்தார். கோபத்தோடு போனவனுக்கு அந்தச் சூட்டுக் களியும் கீரைக் குழம்பும் பெரிய இடைஞ்சலாகிவிட்டன. இப்படிப் பரிமாறுகிற மனிதரிடம் எந்த இடத்தில் சண்டையை ஆரம்பிப்பது?

மறுநாள் ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்தில் ஏறிப் போனோம். ஆனைமுடி எதிரே நின்றது, மேகத்தைத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு. நான்கைந்து வரையாடுகள் எங்களைச் சட்டை செய்யாமல் புல் மேய்ந்தன. மேலே ஏற அனுமதி இல்லை என்று காவலர் சொல்லிவிட்டார். சம்பந்தி அவரிடம் தன் மைத்துனர் கதை முழுவதையும் சொல்லிப் பார்த்தார். காவலர் சிரித்தார், ஆனால் விடவில்லை. சம்பந்தி மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பாத்தாச்சுங்க. ஏறுனதா வச்சிக்கலாம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நிற்காத உச்சியை நின்றதாக எழுத முடியாது என்று சொல்லி, நோட்டில் 'பார்த்தது மட்டும்' என்று குறித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதற்காகவே வாதாடிக்கொண்டு வந்தோம். அந்த வாதத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு நிம்மதி இருந்தது. பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க அது உதவியது.

சாயங்காலம் மனைவி போனில் கூப்பிட்டாள். "பேசிட்டீகளா?"

"இன்னைக்கு மேல ஏற விடலை."

"மலைய யாரு கேட்டா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?"

தொட்டபெட்டாவில் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கொடுத்தது, ரூம் பிடித்தது எல்லாம் நான்தான். அதனால் பேச்சைத் துவக்கும் உரிமையும் எனக்கு வந்துவிட்டதாக ஒரு எண்ணம். உச்சி வரை கார் போகிறது. மேலே பள்ளிக்கூடப் பிள்ளைகள், தேனிலவு ஜோடிகள், தொலைநோக்கிக்கு வரிசை, மிளகாய் பஜ்ஜி வாசனை. இதுவா தமிழ்நாட்டின் தலை என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. சம்பந்திக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, மைத்துனருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார். அவர் போனை வைத்ததும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சம்பந்தி, பிள்ளைங்களப் பத்தி..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "குளிருதுங்க. பஜ்ஜி சாப்பிடலாங்களா?" என்று வரிசைக்குப் போய்விட்டார்.

பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தின்னாமல், அவரே கேட்டார். "உங்க பொண்ணு உங்ககிட்ட எதனா சொல்லிச்சாங்க?"

"ஒரு வார்த்தை கிடையாது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "புகுந்த வீட்டுச் சங்கதிய வெளிய சொல்ற பிள்ளை இல்ல அவ. நாங்க அப்படி வளத்திருக்கோம்" என்று பெருமையாகச் சேர்த்தேன். சம்பந்தி பஜ்ஜியைக் காகிதத்தோடு மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். வீண் செய்யாத மனிதர் அவர். களிப்பாத்திரத்தைக்கூட வழித்து நாய்க்கு வைப்பவர். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. மனிதருக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடலூர், மைசூர், ஹாசன் வழியாகச் சிக்கமகளூர் சேர்ந்தபோது நான்காம் நாள். மூன்றில் முள்ளய்யனகிரிதான் உயரம் குறைவு. ஆனால் எங்களைக் காலால் ஏற வைத்தது அது ஒன்றுதான். காரை நிறுத்திய இடத்திலிருந்து படிகள். காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளியது. பனிமூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகுகூடச் சில சமயம் மறைந்தது. சம்பந்திக்கு முழங்கால் வலி. பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றார். மேலே சின்னக் கோயில். ரோஜாக் கட்டை அங்கே கொடுத்துவிட்டு, பூசாரியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வெளியே வந்து, காற்றுப் படாத பக்கமாகச் சுவரோரம் உட்கார்ந்தோம். நோட்டை எடுத்து நேரம் குறிக்கப் போனேன்.

"அத உள்ள வைங்க சம்பந்தி" என்றார். "எம் பையன் உங்க பொண்ண அடிக்கறாங்க."

நான் நோட்டை மூடவில்லை. கையில் பேனா அப்படியே இருந்தது.

"மொதல்ல ஒரு தடவ கன்னம் வீங்கியிருந்துச்சு. கேட்டதுக்கு, கதவு இடிச்சிடுச்சு மாமான்னுச்சு. ரெண்டாவது தடவ நானு நம்பல. மூணாவது தடவ, தோட்டத்துலருந்து மத்தியானம் சோத்துக்கு வரன், கூடத்துல முடியப் புடிச்சி இழுத்துகினு இருக்கறான். என் கண்ணால பாத்தங்க. நடுவுல பூந்து தடுத்தன். அன்னிக்குத்தான் உங்க வீட்டுக்குக் கூட்டினு வந்தது. எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க மாமான்னு கையப் புடிச்சிகினு அழுதுச்சு. வாசல்ல நின்னு உங்க மூஞ்சப் பாக்க முடியலங்க. அதான் உள்ள வரல."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "சானமாவு காட்டுலருந்து யானை இறங்குச்சுன்னா அக்கம்பக்கம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்றவன் நானு. என் வீட்டுக்குள்ள நடந்தத உங்ககிட்ட சொல்லாம ரெண்டு மாசம் சுத்திகினு இருந்தன். காக்காய்க்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். எங்க வீட்டம்மா இன்னும், புருசன் பொஞ்சாதி சண்டைன்னு பேசிகினு இருக்கறா. உங்க பொண்ணக் கூப்புட நாங்க ஆள் அனுப்புவோம். நானே கூட வந்து நிக்கற மாதிரி ஆவும். அனுப்பாதீங்க சம்பந்தி. எங்க வீட்டுக்கு அந்தப் பொண்ண அனுப்பாதீங்க."

எந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்களோ, அதற்கு நேர்மாறானதை, யாரும் கேட்காமலே, தன் பிள்ளைக்கு எதிராக அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல, கோபம். எழுந்து அவரை விட்டு வெகுதூரம் போய் நின்றேன். கீழே ஒன்றும் தெரியவில்லை. வெறும் பனி. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, குறித்து வைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். கையை நீட்டித் தூக்கிவிட்டேன். இறங்கும்போது படிக்குப் படி என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஓசூர் வரும் வரை அவரோடு அதிகம் பேசவில்லை. உள்ளே வேறொரு வேதனை அரித்துக்கொண்டிருந்தது. மகள் மாமனாரிடம் அழுதிருக்கிறாள், பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநிமிஷம் போய்க் கூட்டிவந்திருக்க மாட்டேனா? வீட்டு வாசலில் கார் நின்றதும், "உள்ள வந்துட்டுத்தான் போகணும்" என்றேன். சம்பந்தி வந்தார். என் மகள் "வாங்க மாமா" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஒரு நிமிஷம் அவள் தலைமேல் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும், "மாப்பிள்ளை உன்ன அடிச்சதையெல்லாம் மாமா சொல்லிட்டாரும்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதோடு நிறுத்தாமல், என் மனத்தாங்கலைக் கேட்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். "சொன்னேனேப்பா" என்றாள். "ஆயுதபூஜை அன்னிக்கு, போன்ல."

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது எனக்கு வேலையில் கடைசி ஆயுதபூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஒரே ஆர்ப்பாட்டம். தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். என் கையில் பொரிப் பொட்டலம். அப்போது அவள் கூப்பிட்டாள். "அப்பா, இங்க சரியில்லப்பா. அவரு கை நீட்டுறாருப்பா" என்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை என்று இப்போது நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் நான் சிரித்துக்கொண்டே, "எந்த பார்ட்டும் டிராயிங்ல இருக்கிற மாதிரியே வராதும்மா. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். டாலரன்ஸுக்குள்ள இருந்தா பாஸ்தான். அனுசரிச்சுப் போ" என்றேன். அவள் "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். ஒரு மயிரிழைக் கீறலுக்கு மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியவன் நான். லைனை நிறுத்திவிட்டு மேனேஜரோடு மல்லுக்கு நின்றவன். அன்று என் மகள் சொன்னதைப் பாஸ் போட்டு அனுப்பிவிட்டு, கையிலிருந்த பொரியைத் தின்று முடித்து, அப்படி ஒரு போன் வந்ததையே மறந்துபோனேன்.

"திரும்பவும் அங்க போகணுமாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

சம்பந்தி சொன்னபடியே பெரியவர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, சின்னஞ்சிறுசுகள், பேசினால் தீராததா, அடித்ததை யார் பார்த்தார்கள் என்று நியாயம் பேசினார்கள். அவர் மகனும் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து நின்றார். "நான் பாத்தன்" என்றார். "கூடத்துல, பட்டப்பகல்ல, முடியப் புடிச்சி இழுத்தான். நான்தான் தடுத்தன். எங்க கேட்டாலும் இதையே சொல்லுவன்." அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பை மாட்டினார்கள். கோர்ட்டில் விவாகரத்து வழக்கு முடிய ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. கேட்ட இடத்திலெல்லாம் அவர் அதையேதான் சொன்னார். மகன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை மனைவி பேசாமல் வைத்துவிட்டுப் போவாராம்.

இப்போது என் மகள் பெங்களூரில் தோழியோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது. காகிதப்படி பார்த்தால் அவர் எனக்குச் சம்பந்தி இல்லை. நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவரும் அப்படித்தான். மாதம் ஒரு தரமாவது ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்கிறோம். ஆனைமுடியைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்ற வழக்கு மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

அன்றைக்கு அவர் எழுந்து நின்று பேசியதை நான் சொல்லாத ஆள் இல்லை. சொந்தக்காரர்கள், பழைய சகாக்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வரை சொல்லியிருக்கிறேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று கேட்டவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். ஆயுதபூஜை அன்று நான் பேசியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்திக்கும் தெரியாது. என் மகளும் அவரிடம் சொல்லவில்லை.